ஹெட்போன் வந்த கதையும் அதன் விலையும்

சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் தட்டோடு வந்து என் இடப்பக்கம் நின்றார். ஏதோ கேட்டார். கூட்ட இரைச்சலில் சரியாக விழவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

"அண்ணா, நீங்க ஆடியோ லைன்ல வேலை பாக்கறீங்கன்னு சொன்னாங்க. எண்ணூறு ரூபாய்க்கு ஒரு இயர்போன் பாத்து வெச்சிருக்கேன். இருபத்தஞ்சாயிரத்துக்கு ஒரு ஹெட்போனும் பாத்து வெச்சிருக்கேன். சும்மா தினமும் பாட்டு கேக்கத்தான். எதை வாங்கறது? பெரிசுன்னா மாசத் தவணையிலதான் எடுக்கணும். வீட்டுக்குத் தெரியாது."

ஆம்ப்ளிஃபயர் சுற்றுகளைச் சோதிப்பது என் வேலை. எனவே கேள்வி சரியான ஆளிடம்தான் வந்திருந்தது. ஆனால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, பாயசம் தீர்ந்துகொண்டிருந்தது. "அப்புறம் சொல்றேன் தம்பி" என்றேன். அந்த அப்புறம் வரவேயில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதுதான் ஒரு பதில் பாக்கி நிற்பது நினைவுக்கு வந்தது.

ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தம்பி கேட்டது விலையைப் பற்றி. ஒரு பொருளின் விலை எதற்காக ஏறியது, எதற்காக இறங்கியது என்று தெரியாமல் அந்தப் பதிலை நம்ப முடியாது. ஆகவே கொஞ்சம் பின்னால் போய் 1881-லிருந்து தொடங்குகிறேன்.

காசு போட்டால் சங்கீதம்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-ல். ஐந்தே ஆண்டுகளில், 1881-ல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், க்ளெமாங் அதேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். ஆப்பரா அரங்க மேடையில் வரிசையாக ஒலிவாங்கிகளை வைத்து, கம்பி வழியாகக் கண்காட்சிக்குப் பாட்டைக் கொண்டுவந்தார். பார்க்க வந்தவர்கள் இரண்டு ரிசீவர்களை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு காதுக்கு மேடையின் ஒரு பக்கம், மறு காதுக்கு மறு பக்கம். பாடுகிறவர் மேடையில் எங்கே நிற்கிறார் என்பதுகூடத் தெரிந்ததாம். ஸ்டீரியோ என்ற பெயர் பழக்கத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த அனுபவம் வந்துவிட்டது. விக்டர் ஹியூகோவும் போய்க் கேட்டிருக்கிறார்.

1890-ல் இதுவே 'தியேட்ரோஃபோன்' என்ற வியாபாரமானது. வசதி உள்ளவர்கள் வீட்டுக்கே இணைப்பு வாங்கிக்கொண்டார்கள். எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் அப்படி 1911-ல் வாங்கியவர். மற்றவர்களுக்கு ஓட்டல்களில் காசு போடும் பெட்டி இருந்தது. 50 சென்டிம் போட்டால் ஐந்து நிமிடம் கேட்கலாம். லண்டனில் 1895-ல் தொடங்கிய 'எலக்ட்ரோஃபோன்' சேவைக்கு ஆண்டுச் சந்தா 5 பவுண்டு. கவனியுங்கள்: சந்தாக்காரருக்கும் காசு போட்டவருக்கும் காதில் இருந்தது ஒரே வகைக் கருவிதான். சந்தாக்காரர் கூடுதலாகக் கொடுத்தது வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்கும் சுகத்துக்கு. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காதுக்குள்ளேயே செருகும் வகை ஏதோ நேற்று வந்தது என்று நினைக்கிறோம். எர்னஸ்ட் மெர்காடியே என்ற பிரெஞ்சுக்காரர் 1891-லேயே அதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். காது வலிக்காமலிருக்க ரப்பர் உறையெல்லாம் உண்டு. எடை சுமார் 50 கிராம்.

சமையலறையில் ஒரு தொழிற்சாலை

தலையில் மாட்டும் ஹெட்போனுக்குத் தகப்பனாரைத் தேடினால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு வீட்டுச் சமையலறைக்குப் போக வேண்டும். நதானியேல் பால்ட்வின் அங்கே கையாலேயே ஹெட்போன் செய்து, 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த அதிகாரிகள் அசந்துபோனார்கள். அதுவரை அவர்கள் பயன்படுத்தியதைவிடப் பல மடங்கு நுட்பமாகக் கேட்டது. நிறைய வேண்டும் என்று எழுதினார்கள். சமையலறையில் செய்வதால் ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் தர முடியாது என்று பதில் போனது! நல்ல ஹெட்போனுக்குப் பெரிய கம்பெனிப் பெயர் வேண்டும் என்பது அப்போதே பொய்த்துப்போன விஷயம்.

அடுத்து வானொலிக் காலம். 1920-களின் கிரிஸ்டல் செட்டுக்கு மின்சாரமும் கிடையாது, பாட்டரியும் கிடையாது. ஏரியலில் வந்து விழும் துளி சக்திதான் ஒலியாக வேண்டும். ஸ்பீக்கரை அசைக்க அது போதாது, ஹெட்போனை அசைக்கப் போதும். வீட்டில் ஒரே ஹெட்போன்தான் என்றால் அதை ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் வைப்பார்கள். கிண்ணம் ஒலியைக் கொஞ்சம் கூட்டித் தரும். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார்கள். நம் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். பணமில்லாமல் 1927-ல் நின்றுபோனது வேறு கதை.

இங்கே ஒரு பொறியியல் உண்மை இருக்கிறது. ஸ்பீக்கர் ஒரு அறை முழுவதும் உள்ள காற்றை அசைக்க வேண்டும். ஹெட்போனோ காதுக்கு முன்னால் உள்ள ஒரு கையளவு காற்றை அசைத்தால் போதும். காதுக்குள் செருகுவதென்றால் இரண்டு மூன்று மில்லிலிட்டர் காற்றுதான். ஒரு மில்லிவாட் கொடுத்தாலே பல இயர்போன்கள் காது கூசும் அளவுக்குச் சத்தம் போடும். வேலை சிறியது என்பதால் செலவும் சிறியதாக இருக்க முடியும். மலிவு ஹெட்போன் நன்றாக இருப்பதற்கான முதல் காரணம் இது.

1937: இன்றுவரை அதே இயந்திரம்

பெர்லினில் ஆய்கன் பையர் தொடங்கிய நிறுவனம் 1937-ல் 'டி.டி. 48' என்ற மாடலை வெளியிட்டது. அதற்கு முன்பிருந்தவற்றில் காந்தம் ஒரு இரும்புத் தகட்டை இழுத்து விடும். தகடு கனமானது. பேச்சுக்குப் போதும், சங்கீதத்துக்குப் போதாது. பையர் ஒலிபெருக்கியின் உத்தியையே சின்னதாக்கினார். லேசான சவ்வு, அதன் முதுகில் ஒட்டிய கம்பிச் சுருள், அதைச் சுற்றி ஒரு நிலைக்காந்தம். சுருளில் மின்சாரம் ஓடினால் சவ்வு முன்னும் பின்னும் ஆடும். இதுதான் 'டைனமிக்' முறை.

இன்றைக்குப் பேருந்து நிலையத்து நடைபாதையில் நூறு ரூபாய்க்குத் தொங்கும் இயர்போனைப் பிரித்தால் உள்ளே இருப்பதும் அதே காந்தம், சுருள், சவ்வுதான். லட்ச ரூபாய் ஹெட்போன்கள் பலவற்றிலும் அதுவே. சவ்வு எதனால் ஆனது, எவ்வளவு சீராக ஒட்டியிருக்கிறது, பின்னால் காற்றுக்கு எங்கே வழி விட்டிருக்கிறார்கள், இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் இவற்றில் பாதிக்கு மேல் அறிவுதான் செலவு, பொருள் அல்ல. அறிவு ஒருமுறை வந்துவிட்டால் விலை இறங்கத்தான் செய்யும்.

ஸ்பாஞ்சும் வாக்மேனும்

வீட்டில் உட்கார்ந்து இன்பத்துக்காக ஹெட்போன் மாட்டும் பழக்கத்தை ஏற்படுத்தியவர் ஜான் கோஸ். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு டெலிவிஷன் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். 1958-ல் பொறியாளர் மார்ட்டின் லாங்கோடு சேர்ந்து ஒரு ஸ்டீரியோ இசைத்தட்டுப் பெட்டி செய்தார். தனியாகக் கேட்க அதற்கு ஒரு துணைக்கருவி இணைத்திருந்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் பெட்டியை விட்டுவிட்டுத் துணைக்கருவியைப் பிடித்துக்கொண்டார்கள். 'எஸ்.பி./3' என்ற ஸ்டீரியோ ஹெட்போன் பிறந்தது அப்படி.

அதன்பின் பத்தாண்டு ஹெட்போன் என்றால் காதை அடைத்துக்கொள்ளும் கனத்த கிண்ணங்கள். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் 'எச்.டி. 414'-ஐக் கொண்டுவந்தது. கிண்ணத்தை எடுத்துவிட்டு, பின்பக்கத்தைத் திறந்துவிட்டு, காதுக்கும் கருவிக்கும் நடுவில் மஞ்சள் ஸ்பாஞ்சு. பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஒலி மட்டும் கிண்ணத்துக்குள் அடைபடாமல் இயல்பாக வந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்றது. கனமானது உசத்தி என்ற நம்பிக்கைக்கு விழுந்த முதல் அடி அது.

இரண்டாவது அடி 1979 ஜூலை 1-ல் விழுந்தது. சோனி வாக்மேன் அன்று 33,000 யென் விலையில் ஜப்பானில் கடைக்கு வந்தது. எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுவார்கள். அதைச் சாத்தியமாக்கியது அதோடு வந்த ஹெட்போன். அந்நாளைய ஹெட்போன்கள் 300, 400 கிராம். இதுவோ 50 கிராம் அளவுதான். நடந்துகொண்டே பாட்டுக் கேட்க முடிந்தது அதனால்தான். முதலில் செய்த 30,000 வாக்மேன்களும் ஆகஸ்ட் முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. முதல் மாடலில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. இரண்டு பேர் சேர்ந்து கேட்கலாம் என்ற நல்லெண்ணம்.

மூன்றாவது அடியை அடித்தது காந்தம். 1982-லிருந்து 1984-க்குள் ஜப்பானில் மசாடோ சாகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தை உருவாக்கினார்கள். சாதாரண ஃபெரைட் காந்தத்தைவிட அதன் சக்தி சுமார் பத்து மடங்கு. பட்டாணி அளவு இயர்போனுக்குள் அழுத்தமான காந்தப்புலம் கிடைத்தது. இதே 1984-ல் கோஸ் நிறுவனம் 'போர்ட்டா ப்ரோ' என்ற மடக்கு ஹெட்போனை வெளியிட்டது. அநேகமாக அதே உருவத்தில், நடுத்தர விலையில் இன்னமும் விற்கிறது. நாற்பது ஆண்டுகளாக ஒரு பொருள் மாறாமல் விற்கிறதென்றால் அது ஏமாற்று வேலையாக இருக்க முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு பாதை போய்க்கொண்டிருந்தது. 1991-ல் சென்ஹைசர் 'ஆர்ஃபியஸ்' என்றொரு ஹெட்போனை, வால்வு ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து, சுமார் 16,000 டாலர் விலையில் வெளியிட்டது. மொத்தமே சுமார் 300 செட்தான். அதே 1991-ல் சோனி 'எம்.டி.ஆர். 7506' என்ற ஸ்டூடியோ ஹெட்போனை வெளியிட்டது. விலை நூறு டாலர் சுற்றுவட்டம். இன்றும் உலகமெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதைப் பார்க்கலாம். நாம் கேட்கிற எத்தனையோ பதிவுகளைச் சரிபார்த்தவர்கள் காதில் இருந்தது அந்த நூறு டாலர் ஹெட்போன். அதே பாட்டைக் கேட்க நமக்குப் பல மடங்கு விலையில் ஒன்று வேண்டுமா என்பது நியாயமான கேள்வி.

முதல் சம்பளம்

இனி சொந்தக் கதை. நான் இங்கே படித்தது 2006-லிருந்து 2010 வரை. எட்டாம் நம்பர் அறையில் எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒரு எம்.பி.3 போன், அறுபது ரூபாய் இயர்போன். அதில் பாஸ் என்ற சமாசாரமே கிடையாது. 2010-ல் முதல் சம்பளம் வந்ததும் ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு ஹெட்போன் வாங்கினேன். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் கைவைத்துத்தான் வாங்கினேன், மறைப்பானேன். அன்று இரவு இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டேன். நான்கு வருஷம் தினமும் கேட்ட பாட்டு. அடியில் பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டு வாசித்துக்கொண்டு போவது அன்றுதான் காதில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆக, விலை கூடினால் ஒலி கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அறுபதுக்கும் ஏழாயிரத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த ஹெட்போனின் கீல் விரிந்தது. மாற்று உதிரிபாகம் கிடைக்கவில்லை. 2018-ல் ஒரு அவசரத்துக்கு 1,200 ரூபாய் இயர்போன் ஒன்று வாங்கினேன். அதே பாட்டைப் போட்டேன். அதே பேஸ் கிடார், அதே தெளிவு. எட்டு வருஷத்தில் ஏழாயிரம் ஆயிரத்திருநூறு ஆகியிருந்தது.

அது எப்படி? பெரிய அளவில் உற்பத்தி, மலிவான காந்தம் எல்லாம் உண்டு. அதைவிட முக்கியமான ஒன்று 2012-ஐ ஒட்டித் தொடங்கியது. ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் ஒரு கேள்வி கேட்டார்கள்: நல்ல ஹெட்போன் என்று ஜனங்கள் எதைச் சொல்கிறார்கள்? இதைச் சோதிப்பதில் ஒரு சிக்கல். கண்ணைக் கட்டினாலும் தலையில் மாட்டிய கனத்தை வைத்தே எது விலை உயர்ந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் ஒரே ஹெட்போனை எல்லோருக்கும் மாட்டி, பல மாடல்களின் ஒலித்தன்மையைக் கணினி வழியாக அதில் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். நல்ல ஸ்பீக்கரை நல்ல அறையில் வைத்துக் கேட்பது போன்ற ஒலியைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள் என்று தெரிந்தது. அதை ஒரு வரைகோடாகவே வெளியிட்டார்கள். இலக்கு தெரிந்துவிட்டது. அதன்பிறகு சீனாவின் சிறு கம்பெனிகள்கூட அதை ஒட்டித் தங்கள் இயர்போன்களைச் செதுக்கத் தொடங்கின. செங்டு நகரத்து மூன்ட்ராப் 2022-ல் வெளியிட்ட 'சூ' மாடலின் விலை சுமார் 20 டாலர். ஒலி விஷயம் தெரிந்தவர்களே அதைப் பாராட்டினார்கள்.

2017-ல் ஜெரூன் ப்ரீபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அலைவரிசைத் தன்மையை அளந்து, விலையோடு பொருத்திப் பார்த்தார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றது முடிவு. ஒலியின் குணத்தில் பெரும்பங்கு அந்த அலைவரிசைத் தன்மைதான். விலைச் சீட்டைப் பார்த்து அதை ஊகிக்க முடியாது என்று ஆகிவிட்டது.

பெட்டி மகிமை

எங்கள் வகுப்பு நண்பர்கள் ஆறு பேர் சமீபத்தில் ஒருவர் வீட்டில் கூடினோம். சும்மா இருக்க முடியாமல் ஒரு சோதனை செய்தேன். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே 1,500 ரூபாய் மாடலில் இரண்டு இயர்போன் வாங்கினேன். ஒன்றை அப்படியே விட்டேன். இன்னொன்றை விலை உயர்ந்த ஒன்றின் வெல்வெட் பெட்டியில் வைத்து, "இது இருபதாயிரம்டா, பாத்துத் தொடு" என்று நீட்டினேன்.

"மச்சான், பாஸ் சும்மா அள்ளுதுடா!" என்றான் ஒருவன். "வயலின் தனியா வந்து நிக்குது" என்றான் இன்னொருவன். ஐந்து பேரில் நான்கு பேர் வெல்வெட் கட்சி. ஐந்தாமவன் மட்டும் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, "டேய், ரெண்டும் ஒண்ணுதாண்டா. எங்கள வெச்சு காமெடி பண்றியா?" என்றான். அவன் கல்லூரி விழாக்களில் மிருதங்கம் வாசித்தவன். நண்பர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தால் நானும் வெல்வெட் கட்சிதான். 2010-ல் எழுந்து உட்கார்ந்தேனே, அதில் எத்தனை பங்கு ஒலி, எத்தனை பங்கு முதல் சம்பளம் என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெயருக்கும் விலை உண்டு. டாக்டர் ட்ரே என்ற பாடகரின் பெயரோடு 2008-ல் வந்த 'பீட்ஸ்' ஹெட்போன் காதுக்கு மாட்டியதைக் கழுத்துக்கு மாட்டும் நகையாக்கியது. 2014-ல் ஆப்பிள் அந்தக் கம்பெனியை 300 கோடி டாலருக்கு வாங்கியது.

அப்படியானால் காசு எதற்கு?

கூடுதல் காசுக்குக் கூடுதலாகக் கிடைப்பவை உண்டு. நீண்ட நேரம் மாட்டினாலும் வலிக்காத மெத்தை. கழற்றி மாற்றக்கூடிய கம்பி. இடது வலது பிசகாத தரக் கட்டுப்பாடு. பத்து வருஷம் கழித்தும் கிடைக்கும் உதிரிபாகம். அந்த லண்டன் சந்தாக்காரர் வாங்கிய நாற்காலி சுகம் இதுதான். தினம் எட்டு மணி நேரம் மாட்டி வேலை செய்பவர்களுக்கு இது வீண் செலவு அல்ல.

ஆனால் 2016-க்குப் பிறகு இதிலும் ஒரு மாற்றம். அந்த ஆண்டு ஐபோனில் ஹெட்போன் துளை எடுக்கப்பட்டது, கம்பியில்லா ஏர்பாட்ஸ் வந்தது. கம்பியில்லாத குட்டி இயர்போன்களுக்குள் பாட்டரி ஒட்டியிருக்கிறது. அது சில வருஷங்களில் சோர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் மாற்ற வழி இல்லை. அந்தக் காலத்தில் கம்பி அறுந்தால் மெக்கானிக்கல் லேப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து சால்டரிங் பண்ணிக்கொள்வோம். இப்போது விலை எவ்வளவு என்பதோடு எத்தனை வருஷம் என்பதையும் சேர்த்து வகுத்துப் பார்க்க வேண்டும்.

காசு கொடுக்கத் தகுந்த இன்னொன்று, இரைச்சல் நீக்கம். இதன் அடிப்படைக்கு ஜெர்மனியின் பால் லூக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வெளி இரைச்சலை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிர் அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டால் அடங்கிப்போகும். 1978-ல் வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் ஜூரிக்கிலிருந்து விமானத்தில் திரும்பும்போது, கொடுத்த ஹெட்போனில் என்ஜின் சத்தத்தை மீறி எதுவும் கேட்காத எரிச்சலில், அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தாராம். 1989-ல் விமானிகளுக்கு, 2000-ல் பயணிகளுக்கு என்று அவர் கம்பெனியின் ஹெட்போன்கள் வந்தன. வெகுநாள் பணக்காரச் சரக்காக இருந்த இதுவும் இன்று இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு இறங்கிவிட்டது. உயர்ந்த விலையில் உள்ளவை இன்னும் நன்றாகச் செய்கின்றன, ஆனால் இடைவெளி ஆண்டுக்காண்டு குறைகிறது.

என் இடது காது

இரைச்சல் நீக்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாதம் இரண்டு முறை ஊருக்குப் போவேன், ஆறு மணி நேர ராத்திரி பஸ். பக்கத்து ஊர் நண்பனும் கூடவே வருவான். அறுபது ரூபாய் இயர்போனில் வலது பக்கம் அவனுக்கு, இடது பக்கம் எனக்கு. என் மறு காதில் முழுக்க என்ஜின் சத்தம். தொளதொளவென்று தொங்கும் இயர்போன் வழியாகவும் அதே சத்தம். பாட்டு கேட்க வேண்டுமென்றால் வால்யூமை முழுக்க ஏற்ற வேண்டும், ஏற்றினோம். நான்கு வருஷம்.

2019-ல் நிசப்தமான அறையில் படுத்தால் இடது காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. காது டாக்டரிடம் போனேன். சோதித்த வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே இடது காதுக்கு ஒரு பள்ளம். இரைச்சலால் வரும் கேள்விக் குறைவின் கையெழுத்து அது. "திரும்ப வருமா டாக்டர்?" என்றேன். "போனது வராது. இருக்கறதக் காப்பாத்திக்குங்க" என்றார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு கணக்குக் கொடுத்தது. 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் இரண்டரை மணி நேரம். அதுவும் ஒரு வாரத்துக்கு. எங்கள் பஸ் பயணத்தை இதில் போட்டுப் பார்த்தால் என் காது ஏன் போனது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

அறுபது ரூபாய் இயர்போன் பாட்டைக் கெடுத்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அதில் கேட்ட பாட்டுகள்தான் இன்றும் எனக்குப் பிடித்தவை. காதை அடைக்காத அதன் அமைப்பை, வால்யூமை ஏற்றி ஈடுகட்டினேன் பாருங்கள், அதுதான் நான் கொடுத்த நிஜ விலை.

தம்பிக்குப் பதில்

எனவே தம்பி, தவணை வேண்டாம். எண்ணூறு, அல்லது கொஞ்சம் கூட்டி ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு, காதுக்குள் இறுக்கமாக உட்காரும் இயர்போனாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் ரப்பர் முனைகள் இருக்கும். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்பதில்லை. சரியாக அடைபடாவிட்டால் பாஸ் முழுக்க ஒழுகிவிடும். நிறையப் பேர் இருபதாயிரத்துக்குத் தேடும் பாஸ் அந்த இலவச ரப்பருக்குள் இருக்கிறது. அடைபட்டால் வெளி இரைச்சலும் குறையும், வால்யூமும் குறைவாகவே போதும். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது இரண்டின் வால்யூமையும் சமமாக வைத்துக் கேளுங்கள். இம்மி சத்தம் கூடியிருந்தாலும் அதுதான் உசத்தி என்று காது சாட்சி சொல்லிவிடும்.

தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவரென்றால் இரைச்சல் நீக்கத்துக்குக் கொஞ்சம் செலவழிப்பது தகும். இருபத்தைந்தாயிரம் ஹெட்போனை, வேலைக்குப் போய், கடனில்லாமல், ஆசைக்கென்று வாங்கினால் யாரும் குறை சொல்ல முடியாது. நானும் ஒருநாள் வாங்கலாம். ஆனால் பாரிஸ் ஓட்டலில் காசு போட்டவர் கேட்டதும் அதே ஆப்பராதான் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் பாயச வரிசையில் சந்திப்போம். இந்த முறை என் வலப்பக்கம் வந்து நின்று பேசுங்கள். அந்தக் காது நன்றாகவே கேட்கிறது.